கேட்காமல் விட்ட மட்டம்

2019ஆம் ஆண்டு மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு மாசாணம் வேலையை விட்டுக் கிளம்பினார். முப்பத்தைந்து வருட வேலை. ஓய்வு பெறுகிறவர்களுக்கு நடக்கிற எல்லாம் அன்று காலையிலிருந்தே நடந்திருந்தன. மதியம் பிரியாணி. மேசை மேல் சந்தன மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம் வைத்த பெட்டி. வீட்டில் கொண்டுபோய் விடுவதற்காக ஆபீஸ் ஜீப்பைக் கழுவித் துடைத்து நிழலில் நிறுத்தியிருந்தார்கள். கோவை கணபதியில் இருந்த வீட்டில் மனைவி மயிலாத்தாள் ஆரத்தி கரைத்து வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

நாலரை மணிக்குச் சென்னையிலிருந்து ஆணை வந்தது. வரைவுப் பிரிவில் இருபது வருடமாக அவருடைய படங்களை வரைந்த உம்மல் குல்சும்தான் அதை அச்செடுத்துக் கொண்டுவந்தார். கதவுக்கு உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், இதுல உங்க கையெழுத்து வாங்கச் சொல்றாங்க."

மாசாணம் நின்றபடியே படித்தார். பணியிடை நீக்கம். ஓய்வு பெற அனுமதி மறுக்கப்படுகிறது. துறை விசாரணை முடியும்வரை ஊரை விட்டு வெளியே போகக் கூடாது. கடைசி நாள் மாலை மணி ஆறு அடிக்கும்வரை யாரும் ஓய்வு பெற்றதாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்று அரசு ஊழியர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அவரும் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"மாலையப் போட்டுக்கிட்டுக் கையெழுத்துப் போடறதா, போட்டுட்டு மாலை போட்டுக்கறதா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். மாலை மேசையிலேயே கிடந்தது.

ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். "வேண்டாமுங்க, இனிமே நான் அதுல ஏறக் கூடாது. உங்களுக்கும் கேள்வி வரும்" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் பிடித்தார். சட்டை மட்டும் புதுசு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். ஆமாம் என்றார்.

வாசலில் மயிலாத்தாள் தட்டோடு நின்றாள். அவர் நடந்து வருவதைப் பார்த்ததுமே தட்டைக் கீழே இறக்கிவிட்டாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே மார்க் என்னவென்று சொன்னவள்.

"எந்த அணை?" என்று மட்டும் கேட்டாள்.

"அரசாணிப்புதூர்."

ஆணையில் ஒன்பது மாதத்துக்கு முந்தைய வெள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தது. வடிவமைப்பில் வெள்ள அளவைக் குறைத்து மதிப்பிட்டதால் தடுப்பணையின் இடது கரை அரிக்கப்பட்டு, வீடுகள் சேதமடைந்து, "ஒரு பெண்" உயிரிழந்ததாக எழுதியிருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. மாசாணத்துக்கு அவள் பெயர் தெரியும். அவர் நடை பழகும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

மாசாணத்தின் சொந்த ஊர் ஆனைமலை போகும் சாலையில் ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய காலனி. அப்பா அந்தத் தோப்பில் மட்டை வெட்டினார், அங்கேயே செத்தார். அம்மா களை எடுக்கப் போகும்போது பிள்ளையைத் தன் அக்கா மகள் சின்னத்தாயியிடம் விட்டுவிட்டுப் போவாள். சின்னத்தாயிக்கு அப்போது எட்டு வயது, மாசாணத்துக்கு ஒன்று. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் சுள்ளி பொறுக்கினாள், தண்ணீர் தூக்கினாள். அவன் அரசு விடுதியில் தங்கிப் படிக்கப் போனபோது அவளைத் தொண்டாமுத்தூருக்கு மேற்கே அரசாணிப்புதூரில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கல்யாணத்திலும் இழவிலும் பார்த்துக்கொண்டதுதான். கடைசியாக மாசாணத்தின் அம்மா இறந்தபோது வந்திருந்தாள். வந்தவர்களிடமெல்லாம், "என்ற தம்பி, டேம் கட்டற இஞ்சினீரு" என்று அவரைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் டேம் கட்டவில்லை. பெரிய அணை ஒன்றின் மதகுகளுக்குக் கணக்குப் போட்டதுதான் ஆரம்பம். பிறகு வடிவமைப்புப் பிரிவிலேயே காலம் போனது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை இந்தப் பக்கம் பள்ளம் என்பார்கள். வருடத்தில் பத்து மாதம் மணல், இரண்டு மாதம் தண்ணீர். அந்தப் பள்ளங்களுக்குக் குறுக்கே தடுப்பணைகள் போடுவதுதான் அவர் வேலை. மொத்தம் நாற்பத்தொரு தடுப்பணைகள். பஸ்ஸில் போகும்போது அவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் எழுந்து நின்று பார்ப்பார். மகள் கயல்விழி சின்ன வயதில், "அப்பா, உங்க சொவரு இன்னும் நிக்குது, உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுப்பாள்.

அணை போட வேண்டுமானால் அந்தப் பள்ளத்தில் அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் வரும் என்று தெரிய வேண்டும். பெரிய ஆறுகளுக்கு அளவுக் குறிப்புகள் இருக்கும். பள்ளங்களுக்கு எதுவும் கிடையாது. சூத்திரம் ஒன்று உண்டு. ஆனால் அதில் வருகிற ஓர் எண்ணை இஞ்சினியர்தான் முடிவு செய்ய வேண்டும். அதை முடிவு செய்ய ஊர்க்காரர்களிடம் போய், "உங்களுக்குத் தெரிஞ்சு தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சு?" என்று கேட்பார்கள். அவர்கள் காட்டும் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, எழுதி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாள் கோப்பில் சேரும்.

எல்லா இஞ்சினியர்களும் இரண்டு கையெழுத்தையும் ஒரே தோப்பில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மாசாணம் மட்டும் ஒன்றை நிலம் வைத்திருக்கும் காட்டுக்காரரிடமும் இன்னொன்றைக் காலனியிலும் வாங்குவார். காலனிகள் எப்போதும் பள்ளத்தை ஒட்டித்தான் இருக்கும், தாழ்வான பக்கத்தில். வெள்ளம் எதுவரை வந்தது என்பது காட்டுக்காரருக்கு ஞாபகத்தில் இருக்கும், காலனிக்காரர்களுக்கு அவர்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கும். துவைக்கிற கல் எந்த மாதத்தில் முழுகும், ஆட்டுக்குட்டி அடித்துக்கொண்டு போனது எந்த வருடம், அன்று தண்ணீர் இடுப்பளவா கழுத்தளவா என்று பெண்களிடம் உட்கார்ந்து கேட்பார். கைரேகையாக இருந்தாலும் வாங்கிக்கொள்வார். இரண்டு மட்டங்களில் எது உயரமோ அதை எடுத்துக்கொள்வார். முப்பது வருடத்தில் அவருடைய அணை ஒன்றுகூட வெள்ளத்தில் போனதில்லை.

2013 அக்டோபரில் அரசாணிப்புதூருக்குப் போனார். அங்கே ஓடுவது கோரைப்பள்ளம். வலது கரையில் பாலுசாமி என்பவரின் தென்னந்தோப்பு. இடது கரையில், ஓர் ஆள் உயரம் தாழ்வில், காலனி. இறங்கும்போதே அவருக்குத் தெரியும், இது சின்னத்தாயி வாக்கப்பட்ட ஊர்.

பாலுசாமி நல்ல மனிதர். ஜீப் நின்றதும் தோப்பிலிருந்து வேகமாக வந்தார்.

"வாங்க, வாங்க சார். வெயில்ல நிக்கறீங்களே. ஏப்பா, சாருக்குச் சேரு எடுத்துப் போடு. எளநி சாப்புடுங்க, நம்ம தோப்புதுங்க."

இளநீரை வெட்டி, வீட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். மாசாணம் வாங்கிக்கொண்டார். அவர் அப்பா வேலை செய்த தோப்பில் தண்ணீர் கேட்டால் கையைக் குவித்துக் குனிய வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். ஐம்பத்திரண்டு வயதிலும் இப்படிப்பட்ட தோப்புகளில் டம்ளரைக் கையில் வாங்கும் நொடியில் அது ஞாபகம் வராமல் இருந்ததில்லை. ஆபீசில் அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், அது கோப்பிலேயே இருந்தது. ஊர்களில் தெரியாது. தெரியாதவரை சேர் உண்டு, டம்ளர் உண்டு.

"சாருக்குப் பூர்வீகம் எங்கீங்க?"

"பொள்ளாச்சிப் பக்கமுங்க."

"அட, எங்க ஒறம்பரையெல்லாம் அங்கதானுங்க. பொள்ளாச்சில எங்கீங்க?"

"ஆனமலை ரோட்டுலீங்க."

"ஆனமலை ரோட்டுல எந்தூருங்க? அங்க எனக்குத் தெரியாத ஊடே இல்லீங்க."

"அப்பா காலத்துலயே கோயமுத்தூரு வந்துட்டமுங்க. ஊருப் பக்கம் இப்ப யாருமில்ல" என்றார் மாசாணம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி மட்டம் பார்த்துரலாமுங்களா?" என்று எழுந்தார்.

பாலுசாமி கரையில் ஒரு கல்லைக் காட்டினார். "இதுதானுங்க. எழுபத்தொம்பதுல பெரிய தண்ணி வந்துச்சு. இந்தக் கல்ல நனைச்சுது. இதுக்கு மேல ஒரு சாண் ஏறுனதில்லீங்க." பக்கத்தில் நின்ற அவருடைய மச்சானும் தலையாட்டினார். மட்டம் அதைவிட உயர்ந்தால் கரைச் சுவரைத் தோப்புக்குள் நீட்ட வேண்டியிருக்கும், இரண்டு வரிசைத் தென்னை போகும் என்பது மூன்று பேருக்குமே தெரியும். யாரும் சொல்லவில்லை. தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மாசாணம் மட்டக் கருவியின் குழலில் கண்ணை வைத்தார். அது பழைய கருவி, அதில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அளவுகோல் பிடிக்கும் அழகிரிசாமி எதிர்க்கரையில் தலைகீழாக நின்றார். அவருக்குப் பின்னால் காலனிக்குப் போகும், இரண்டு பக்கமும் வேலி வைத்த இட்டேரித் தடத்தில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் வந்து நின்றாள். அவளும் தலைகீழாக. கட்டைத் தலையிலிருந்து இறக்காமல் இந்தப் பக்கமே பார்த்தாள். கழுத்தைச் சாய்த்து நிற்கும் விதத்தில் அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது.

அவள் கூப்பிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியும். பாலுசாமி இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

மாசாணம் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேறு எங்கேயாவது பார்க்க வேண்டுமென்று குழலைச் சற்றுத் திருப்பினார். இட்டேரி ஓரத்துப் புங்கமரம் வந்தது. அதன் கவட்டில் காய்ந்த சருகும் கோரையும் ஒரு துணிக்கந்தலும் திரண்டு சிக்கிக்கிடந்தன. தண்ணீர் கொண்டுவந்து வைக்காமல் அவை அங்கே வர முடியாது. பாலுசாமி காட்டிய கல்லைவிட ஒரு மீட்டருக்கும் மேலே.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. குழலைப் பழைய இடத்துக்குத் திருப்பியபோது இட்டேரியில் யாரும் இல்லை.

அழகிரிசாமி பள்ளத்தைக் கடந்து வந்தார். "சார், காலனிப் பக்கம் போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துரலாமுங்களா? எப்பவும் கேப்பமே."

"ரெண்டு கையெழுத்து ஆயிருச்சு, அழகிரி. கருவியக் கட்டு."

ஆபீசில் அந்தக் கல்லின் மட்டத்துக்கே கணக்குப் போட்டார். அது வாக்குமூலத்தோடு ஒத்துப்போனது, சூத்திரத்தின் எண்ணும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தது. யாரும் தப்பென்று சொல்ல முடியாத கணக்கு. படம் வரையும்போது உம்மல் குல்சும் மட்டும் பென்சிலை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சார், எடது கரைச் சொவரு இவ்வளவு குட்டையா இருக்குதே? நீங்க இப்படிப் போட மாட்டீங்களே."

"மட்டம் அவ்வளவுதாம்மா வருது."

2015இல் அணை கட்டி முடிந்தது. இரண்டு வருடம் மழையே இல்லை. 2018 ஆகஸ்டில் மேற்கு மலையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கோரைப்பள்ளத்தில் வெள்ளம் இறங்கியது.

மறுநாள் மேலதிகாரிகளோடு மாசாணமும் போனார். தடுப்பணையில் ஒரு விரிசல்கூட இல்லை. காங்கிரீட் கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக நின்றது. பள்ளம்தான் அதன் வழியாக ஓடவில்லை. குட்டையான இடது கரையைத் தாண்டி, மண்ணை அறுத்து, காலனியின் முதல் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் புது வழி பண்ணிக்கொண்டு ஓடியது. அணை ஒரு பக்கம் சும்மா நின்றது. மேலதிகாரி ஒருவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார்.

கிராம நிர்வாக அலுவலர் ஒரு பட்டியல் கொடுத்தார். வீடு இழந்தவர்கள் ஏழு குடும்பம். காலை எட்டு மணிக்கே எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். இறந்தவர் ஒருவர். சின்னத்தாயி, வயது அறுபத்து நாலு.

மாசாணம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். இருநூறு அடி தூரத்தில் பறையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒறம்பரை ஊட்டு எழவுக்குப் போகலீனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று மயிலாத்தாள் அன்று மாலையும் கேட்டாள், மறுநாளும் கேட்டாள். அவர் டியூட்டி என்றார். மூன்றாம் நாள் அவளாகப் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பணியிடை நீக்கத்துக்குப் பிறகு விசாரணை தொடங்கவே ஒன்றரை வருடம் ஆனது. நடுவில் கொரோனா வந்தது. அவர் மாடியறையில் உட்கார்ந்து கோரைப்பள்ளத்தின் கணக்கைப் புங்கமரத்து மட்டத்துக்குத் திரும்பப் போட்டார். இடது கரைச் சுவர் இன்னும் பதினெட்டு மீட்டர் நீண்டிருக்க வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டார், பதினெட்டே வந்தது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த கயல்விழி ஒருநாள் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, "அப்பா, இத விசாரணையில குடுத்துராதீங்க. நீங்களே உங்களுக்கு எதிரா எழுதின மாதிரி இருக்குது" என்றாள்.

"அப்படித்தான் இருக்குது" என்றார்.

அவருக்கு இப்போது ஒன்றுதான் வேண்டியிருந்தது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் வந்தேன், அதனால் அவள் செத்தாள் என்று எங்கேயாவது ஒரு தாளில் இருக்க வேண்டும். அரசாங்கத் தாளாக இருந்தால் நல்லது. அதில் "ஒரு பெண்" என்று இருக்கக் கூடாது.

விசாரணை அதிகாரி கோவிந்தராஜுலு ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர். நல்ல சுபாவம். 2022 மார்ச்சில் கடைசி அமர்வு நடந்தது. அவர் ஏற்கெனவே தட்டச்சு செய்த வாக்குமூலத்தை மேசை மேல் நகர்த்தினார்.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க, மாசாணம். ஊர்க்காரங்க எழுதிக் குடுத்த மட்டத்த நம்பினீங்க. கணக்கு விதிப்படி இருக்குது. மழை இதுவரைக்கும் பெய்யாத மழை. முடிஞ்சுது. வீட்டுக்குப் போயி நிம்மதியா இருங்க."

"சார், நான் காலனியில கேக்கலீங்க."

"கேக்கணும்னு எந்த விதியில இருக்குது?"

"விதியில இல்லீங்க. என்ற வழக்கத்துல இருக்குதுங்க. நாப்பது அணைக்கு நான் கேட்டுருக்கறேன்."

"வழக்கத்த மீறுனதுக்கெல்லாம் குத்தச்சாட்டுப் போட முடியாதப்பா" என்று கோவிந்தராஜுலு சிரித்தார். பிறகு மாசாணத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சரி, ஏன் கேக்கல?"

மாசாணம் சொன்னார். இட்டேரியில் நின்றவள் யாரென்று சொன்னார். குழலில் பார்த்ததைச் சொன்னார், புங்கமரத்துச் சருகைச் சொன்னார். "அவ என்னைக் கூப்புட்டா, நான் யாருன்னு அந்தக் காட்டுக்காரருக்குத் தெரிஞ்சுபோயிருமுன்னு நெனச்சுப்போட்டேனுங்க. அதுக்காகத்தான் மட்டம் கேக்காம வந்தேன்."

தட்டச்சு செய்யும் பெண் விரலை எடுத்துவிட்டு அதிகாரியைப் பார்த்தாள். கோவிந்தராஜுலு அவளை வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.

"இத எழுதட்டுமா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "எழுதினா என்ன ஆகும் தெரியுமா? உங்களுக்கு மேல கையெழுத்துப் போட்ட மூணு பேரு வருவாங்க. ஏன் சரிபார்க்கலைன்னு கேப்பாங்க. அவங்க உங்க ஜாதிய இழுப்பாங்க. பேப்பர்ல வரும். உங்க பொண்ணு படிப்பா. அந்தம்மா திரும்பி வருமா?"

"வராதுங்க."

"அப்பறம்?"

அப்புறம் என்னவென்று மாசாணம் யோசித்திருக்கவில்லை. பேனா மேசையில் இருந்தது. முந்தின நாள் மயிலாத்தாள், "மூணு வருசமா நானும் இந்த ஊட்டுல உசுரோடதான் இருக்கறேன், அதையும் கொஞ்சம் நெனச்சுக்கங்க" என்று சொல்லியிருந்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். இதுவரை பெய்யாத மழை என்ற வரிக்குக் கீழே, தெளிவாக, தேதியோடு.

வெளியே வந்து வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸை விட்டுவிட்டார். தொண்டாமுத்தூர் பஸ்ஸில் ஏறினார். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அரசாணிப்புதூரில் இறங்கியபோது மணி மூன்று இருக்கும்.

காலனியை மேட்டுக்கு மாற்றியிருந்தார்கள். தகரக் கூரை போட்ட வீடுகள். சின்னத்தாயியின் மகன் கௌதமன் பொக்லைன் ஓட்டுகிறவன், முப்பத்தைந்து வயது தாண்டியவன், வாசலில் உட்கார்ந்து ஒரு வண்டிச் சாமானை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். எழுந்திருக்கவில்லை. முறைப்படி அவனுக்கு அவர் மாமன்.

"கௌதமா, நாந்தான் மாசாணம்."

"தெரியுதுங்க."

உட்காரச் சொல்லவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். கோவிந்தராஜுலுவிடம் சொன்ன அதையே சொன்னார், ஆனால் இங்கே அது வேறு மாதிரி வந்தது. அக்காளைப் பார்த்தேன் என்பதை இரண்டு தடவை சொன்னார். கௌதமன் கையை மண்ணெண்ணெயிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

முடிந்ததும், "அம்மா சொல்லுச்சு" என்றான்.

"என்ன?"

"நீங்க அளக்க வந்த அன்னிக்கே சொல்லுச்சுங்க. கட்ட எறக்கி வெச்சதும் மொத வார்த்த அதுதான். நம்ம மாசாணந்தான் அளக்கறான், கவருமெண்டு ஜீப்புல வந்துருக்கறான், பெரிய மனுசங்களோட நிக்கறான், நாங் கூப்புட்டா அவனுக்குச் சங்கட்டமாயிருமுன்னு கூப்புடாம வந்துட்டேன்னு."

மாசாணம் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தகரம் வெயிலில் சுட்டது.

"அன்னிக்கு, வெள்ளத்தன்னிக்குக் காலையில, எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னாங்க. நான் வேலைக்குப் போயிருந்தேன். போனுல கூப்புட்டு, போ அம்மான்னேன். ஆட்ட உட்டுட்டு நான் வரலடா, அது என்ற தம்பி கட்டுனது, ஒண்ணும் ஆகாதுன்னுச்சு." கௌதமன் கழுவிய சாமானை எடுத்துத் துணியில் வைத்தான். "மத்தவங்கெல்லாம் யாரு கட்டுனதுன்னு தெரியாததுனால போயிட்டாங்க."

உள்ளேயிருந்து அவன் மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவனைப் பார்த்தாள். அவன் ஒன்றும் சொல்லாததால் செம்போடு நிலைப்படியிலேயே நின்றாள்.

"நான் என்ன செய்யணும், கௌதமா?" என்றார் மாசாணம்.

"எங்கிட்டக் கேக்கறீங்களா?" அவன் குரலை உயர்த்தவில்லை. "கேக்க வேண்டியப்ப வந்துருந்தா ஒரு மரத்தக் காட்டியிருப்பம். இப்பக் கேட்டா நான் என்னத்தக் காட்டறது? அஞ்சு மணிக்கு பஸ் இருக்குதுங்க. அதுக்கப்பறம் மலையிலிருந்து ஆனை வரும், தோப்புப் பக்கமா நடக்காதீங்க. ரோட்டோட போங்க."

அவர் ரோட்டோடு போனார்.

ஜூலையில் ஆணை வந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. 31.5.2019 பிற்பகல் முதல் ஓய்வு பெற அனுமதிக்கப்படுகிறார். மயிலாத்தாள் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். ஆபீசிலிருந்து யாரோ அந்தக் கடிகாரப் பெட்டியைக் கொடுத்தனுப்பினார்கள். மூன்று வருடமாக அது எங்கோ அலமாரியில் இருந்திருக்கிறது. கயல்விழி அதைச் சுவரில் மாட்டப் போனபோது வேண்டாம் என்றார். அவள் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவர் மேற்குப் பக்கம் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. காலையில் கணபதியில் பட்டறைகளின் சத்தம் தொடங்கும் முன் நடக்கப் போவார். மழைக்காலத்தில் நடப்பதில்லை. மலையில் மழை என்று செய்தியில் சொன்னால் டிவியை அணைக்க மாட்டார், சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுக் கீழே ஓடுகிற வரியைப் படித்துக்கொண்டிருப்பார். ஒவ்வோர் ஆகஸ்டிலும் நாற்பது ஊர்களின் பெயர்களைத் தேடுவார். மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். "ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்ன பிறகுதான் எழுந்து போவாள்.

ஒருநாள் அவளிடம், "நீ அன்னிக்கு எழவு ஊட்டுக்குப் போனயே, அவங்க என்னையப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். ஐந்து வருடம் கழித்து.

"ஒண்ணுஞ் சொல்லல. உங்களுக்குச் சாப்பாடு வெச்சுக் குடுத்தனுப்புனாங்க. நான்தான் வழியில பஸ் ஸ்டாண்டுல யாருக்கோ குடுத்துட்டு வந்துட்டேன்."

2024 நவம்பரில், ஒரு வியாழக்கிழமை காலையில், கைப்பேசியில் புது எண்ணிலிருந்து வாட்ஸப் வந்தது. முதலில் நான்கு படங்கள் வந்தன. நீலக் கோடுகளோடு ஓர் அணையின் வரைபடம், பக்கம் பக்கமாகத் தரையில் வைத்து எடுத்தது. ஓரத்தில் எடுத்தவனின் கால் விரல்கள் தெரிந்தன. மாசாணம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் எழுத்தும் வந்துவிட்டது.

"சார், அரசாணிப்புதூர் கௌதமன். பள்ளத்துல புது அணை கட்டறாங்க. போன வாரம் அளந்துட்டுப் போனாங்க. காலனி சார்பா என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. தண்ணி மட்டம் எங்க வெச்சிருக்காங்க, சரியா வெச்சிருக்காங்களான்னு எனக்கு இதுல பார்க்கத் தெரியல. ஊர்ல யாருக்கும் தெரியல. திங்கக்கிழமைக்குள்ள பார்த்துச் சொல்லுங்க. நேர்ல வர வேண்டாம்."